வேலைப் பயணமும் என் வயிற்றுக் கலக்கமும்

ஆட்களை வெளியூருக்கு அனுப்பி வைக்கிற உத்தியோகத்தில், போனவர் திரும்பி வந்து அலுவலகக் கதவைத் திறக்கும் வரைக்கும் தொண்டையில் சோறு இறங்காது. உங்களில் யாரும் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் விளங்கும். ஜெர்மனியின் ஹனோவரில் இயந்திரங்களுக்கு உணர்கருவி செய்யும் சின்ன நிறுவனம் எங்களது. அது விறுவிறுவென்று வளர்ந்தபோது, பயண விதிகளை எழுதும் பொறுப்பு புதிதாகச் சேர்ந்த என் தலையில் விழுந்தது.

தடுப்புக் கம்பியில் நின்ற கார்

சுதன் இங்கேயே பிறந்து வளர்ந்த பெடியன், எங்கள் டெக்னீஷியன். முழு நாளும் ஒரு தொழிற்சாலையில் நின்று வேலை செய்துவிட்டு, தங்காமல் காரை எடுத்திருக்கிறான். அப்போது எங்களிடம் "தங்கிவிட்டு வா" என்று சொல்ல ஒரு விதியும் இல்லை.

இரவு போன் வந்தது. பின்னால் லொறிகள் இரையும் சத்தம். கார் நெடுஞ்சாலைத் தடுப்புக் கம்பியில் உரசி நின்றிருந்தது, அவனுக்குக் காயமில்லை. "அக்கா, கண் மூடினதே எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டுத்தான் முழிச்சனான்," என்றான்.

திரும்பும் வழி

கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர். அவரைத் துருக்கிக்கு அனுப்பினேன். அவருடைய வதிவிட அனுமதி அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது, கையில் தற்காலிகத் தாள் மட்டும். அந்த வகைத் தாளோடு ஜெர்மனியை விட்டுப் போகலாம், திரும்பி உள்ளே வர ஏலாது என்று எனக்குத் தெரியாது. வேலை முடிந்து திரும்பும்போது துருக்கி விமான நிலையத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள்.

அவர் மனைவி இங்கே நிறைமாதக் கர்ப்பிணி. தூதரகம், வெளிநாட்டவர் அலுவலகம், வக்கீல் என்று நான் போனோடு கிடந்தேன். வலி வந்துவிட்டதோ என்று ஒவ்வொரு காலையும் பயந்து பயந்து அவளுக்குப் போன் எடுப்பேன். கடைசியில் விசா கிடைத்து, பிரசவத்துக்கு முன்பே வந்து சேர்ந்தார். என்னைத் திட்டவில்லை. "டிக்கெட், ஹோட்டல் எல்லாம் கேட்டீங்க. திரும்பி வர முடியுமான்னு மட்டும் யாருமே கேக்கலையே," என்றார்.

எந்த ஹோட்டல்?

சபீனா எங்கள் மூத்த பொறியியலாளர். இத்தாலியில் அவள் போன ஊரை வெள்ளம் மூடிவிட்டது என்று வானொலியில் கேட்டேன். போன் எடுக்கவில்லை. அவள் கணவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "எந்த ஹோட்டலில் நிற்கிறாள்?" என்று கேட்டார். அறையை அவளே பதிந்திருந்தாள், எங்கள் யாருக்கும் தெரியாது.

இரண்டாம் நாள் தெரியாத இலக்கத்தில் இருந்து அழைத்தாள். ஒரு பள்ளிக்கூட மாடியில் பத்திரமாக இருந்தாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. "என்னைத் தேடி ஆள் வரும் என்று நான் நினைக்கவேயில்லை. நான் எங்கே என்று உங்களுக்குத் தெரியாதே," என்றாள்.

மறுக்கும் உரிமை

இத்தனை பயங்களையும் விதிகளாக எழுதி முடித்தேன். கடைசி விதி: ஆபத்து என்று தோன்றினால் பயணத்தை மறுக்கலாம், அதனால் வேலைக்குப் பங்கம் வராது. சபீனாவும் இருந்த கூட்டத்தில் முதலாளி அதை வெட்டச் சொன்னார். என் தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. ஆனாலும், "அது இல்லாமல் மற்றதிலும் என் பெயர் வேண்டாம்," என்று சொல்லிவிட்டேன்.

"யாராவது மறுத்தால் வாடிக்கையாளருக்கு நான் என்ன சொல்வது?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மேசையின் மறுபக்கத்தில் இருந்து சபீனா சொன்னாள்: "வரமாட்டார்கள் என்று சொல்லுங்கள். கஷ்டமாக இருந்தால் போனை என்னிடம் தாருங்கள்."

அந்த விதி தப்பியது, என் வேலையும் தப்பியது. இப்போதும் ஆட்கள் வெளியூருக்குப் போனால் எனக்குப் பயம்தான்; அந்தப் பயத்துக்கு எழுத்தில் அனுமதி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.