இரண்டாம் முறை கேட்கட்டும்

எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் குப்பண்ண மாமாவுடையது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, சாலையை விட்டு உள்ளே தள்ளி, தென்னைகளுக்கு நடுவில் ஒற்றை வீடு. அத்தை போன பிறகு அங்கே அவருக்குப் பேச்சுத்துணை இரண்டு எருதுகளும் ஒரு நாயும்தான். அவற்றோடு நன்றாகவே பேசுவார். மனிதர்களிடம்தான் வார்த்தைக்குப் பஞ்சம்.

ஒரே மகன் ரத்தினசாமி இங்கிலாந்தில் சிறுநீரக டாக்டர். பையன் எப்போது வருகிறான் என்று யாராவது கேட்டால், அவன் எதற்கு வரவேண்டும், அங்கே ராஜா மாதிரி இருக்கிறான் என்பார். வாய்தான் அப்படிச் சொல்லும். ஆகாயத்தில் விமானச் சத்தம் கேட்டால் போதும், மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டு வந்தாலும் சரி, மாடு கேட்டு வந்தாலும் சரி, முதல் தடவை யாருக்கும் சரி என்று சொல்லமாட்டார்கள். ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்புவார்கள். வந்தவருக்கு நிஜமாகவே வேண்டுமென்றால் மறுபடி வருவார், அப்போது மனம் நிறையக் கொடுப்பார்கள். கேட்டவுடன் தலையாட்டினால், எப்போது கேட்பார்கள் என்று காத்துக் கிடந்த மாதிரி ஆகிவிடுமாம். மாமா காத்துத்தான் கிடந்தார் என்பது எங்கள் வீட்டு எருமைக்குக்கூடத் தெரியும்.

எழுபத்தாறில், ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் ஒரு கார் வந்தது. நான் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். வழி கேட்டார்கள், கை காட்டியதோடு சரி. நடந்ததையெல்லாம் மாமாவே சாயங்காலம் வந்து சொன்னார்.

வந்தவர் டாக்டர் கபிரியேல், ஒரு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். பீர்மேட்டு மலையில், தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளிகளின் லயத்து வீட்டில் பிறந்து, படித்து மேலே வந்தவர். கல்லூரியில் சிறுநீரகத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்க அரசாங்கம் ஒத்துக்கொண்டதாம். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரமும் வந்து இறங்கிவிட்டது. அதை வைத்து வைத்தியம் பார்க்கவும், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆள்தான் இல்லை. ரத்தினசாமிக்கு எழுதியதற்கு, அப்பாவைக் கேளுங்கள், அவர் வரச் சொன்னால் வருகிறேன் என்று பதில் வந்திருக்கிறது. அதற்காகவே மனிதர் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

மாமா இளநீர் வெட்டிக் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், பையன் அங்கேயே நன்றாக இருக்கிறான், இங்கே வந்து என்ன செய்யப்போகிறான் என்றார். விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கபிரியேல் தெளிவாகவே கேட்டிருக்கிறார். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, ஒரு தார் பூவன்பழத்தைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டார் மாமா. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

எனக்குச் சுருக்கென்றது. "ஏனுங் மாமா, அவரென்ன பொண்ணு கேட்டா வந்தாரு? படிச்சவரு. சொன்னதச் சொன்னபடிதான எடுத்துக்குவாரு?" என்றேன்.

"இன்னொருக்கா வரட்டுங் மாப்ள. எம்பையன்னா அவ்வளவு லேசுங்களா?"

அடுத்த வாரமே கொத்தனார் வந்தார். மேற்கு அறைக்கு வெள்ளையடித்தார்கள். கொல்லையில், உட்கார்ந்து போகிற இங்கிலீஷ் கக்கூஸ் ஒன்று எழும்பியது. பையனுக்குக் குந்தி உட்காருகிற பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்பது அவர் கணக்கு. ஊரே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை. சாலையில் கார் சத்தம் கேட்டால் முகத்தைக் கழுவிக்கொண்டு சட்டையை மாட்டுவார். கார் சித்தூர்ப் பக்கம் போய்விடும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி வேலைக்குப் போவார்.

மார்கழி போயிற்று, தையும் போயிற்று. கல்லூரிக்கு ஒரு நடை போய்ப் பார்க்கலாம், இல்லையென்றால் மகனுக்காவது ஒரு கடுதாசி போடுங்கள் என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். நாமாகப் போய்க் கேட்பதா என்று அதிலேயே நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு வாரம் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. பங்குனியில் ஒருநாள் வெளுத்த வேட்டியும் சட்டையுமாக என் வாசலில் வந்து நின்றார். போகலாமா என்றார்.

இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போனோம். கபிரியேல் அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றார், உட்காரவைத்து டீ வரவழைத்தார். மாமா டீயைத் தொடவில்லை. பையனை வரச் சொல்லிவிடலாம் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

கபிரியேல் மெதுவாகச் சொன்னார். வடக்கே இருந்து ஒருவர் போன மாதமே வேலையில் சேர்ந்துவிட்டார். இருந்தது ஒரே ஒரு இடம்.

"ரெண்டாந்தடவ வருவீங்கன்னு இருந்தனுங்க" என்றார் மாமா.

"நீங்க வேண்டாம்னுட்டீகளேய்யா. எங்க எஸ்டேட்டுல காலைல வேலைக்கு ஒரு தடவதான் பேர் கூப்பிடுவாக. பதில் வரலைன்னா அடுத்த பேருக்குப் போயிருவாக. நான் அப்படியே வளந்தவன்" என்றார் கபிரியேல். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மகனுக்கு என்ன எழுதினீர்கள் என்று மாமா கேட்டார். அப்பாவுக்கு விருப்பமில்லை என்று எழுதியதாகவும், சரி என்று மட்டும் பதில் வந்ததாகவும் கபிரியேல் சொன்னார். மாமா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

திரும்பும் பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். இப்போதாவது வா என்று நேராக எழுதுங்கள், வேறு ஊரில் வேலை கிடைக்காமலா போகும் என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் காதில் அது விழுந்ததா தெரியவில்லை. வாளையாறு வறண்டு கிடந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தவர், என் பக்கம் திரும்பினார்.

"அந்த டாக்டரு மலைக்காரரு மாப்ள, அவருக்கு நம்ம வழக்கம் தெரியாது. ரத்தினம் நம்மூட்டுல பொறந்தவந்தானுங்க? அவனாச்சும் இன்னொருக்காக் கேட்டிருக்கலாமுங்களே."