உதட்டுக்கு நின்ற வசனம்

கணவர் அன்வருதீன் மவுத்தான செய்தி வந்தபோது ஜஹபர் நிஷா, தான் தமிழில் வசனம் எழுதும் இந்தி சீரியலின் இருநூற்று எண்பத்தாறாவது எபிசோடின் பாதியில் இருந்தாள். காலை பத்தரை மணி. ஆதேஷ், சுரபியின் கையைப் பிடித்தபடி லேப்டாப் திரையில் அப்படியே நின்றிருந்தான். ‘ஹமேஷா’ என்கிறான் அவன். அந்தச் சொல்லின் நடுவில் ஒருமுறை உதடு மூடித் திறக்கிறது. தமிழ்ச் சொல்லும் அதே இடத்தில் உதட்டை மூட வேண்டும். ‘என்றும்’ என்று எழுதினால் கடைசியில்தான் மூடும். ‘எப்பவும்’ சரியாக வரும். கடைசி ‘ம்’மை மட்டும் பேசுகிறவர் வாய்க்குள் விழுங்கிவிட வேண்டும். அதைத்தான் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் அன்வருதீன் பத்தொன்பது வருடமாக ஸ்டோர் சூப்பர்வைசர். சரக்கு லாரி ஒன்று பின்வாங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. போனில் பேசியவர் அதைச் சுற்றி வளைத்துச் சொன்னார். அவளுக்கு முதல் வரியிலேயே புரிந்துவிட்டது. போனை வைத்ததும் ‘எப்பவும்’ என்று டைப் செய்து, ஃபைலை சேவ் செய்து, லேப்டாப்பை மூடினாள். பிறகுதான் எழுந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

மாலை அஸர் தொழுகையோடு அடக்கம் முடிந்தது. நெல்லித்தோப்பின் அந்தக் குறுகலான தெருவில் நிற்க இடமில்லாமல் ஆட்கள் இருந்தார்கள். மகள் நூரீன் காலாப்பட்டில் எம்.எஸ்சி. படிக்கிறவள். வகுப்பிலிருந்து எழுந்து ஓடி வந்தவள், வாசலிலிருந்தே கதறிக்கொண்டு வந்து அம்மாவின் மடியில் விழுந்தாள். நிஷா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். தனக்கும் அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்திருந்த பெண்களும் காத்திருந்தார்கள். வரவில்லை.

“நெஞ்சு அடைச்சிப் போயிருக்கு. நாலு நாள் போனா தானா ஒடையும்” என்றாள் நாத்தனார்.

நாலாம் நாள் நிஷா லேப்டாப்பைத் திறந்து இருநூற்று எண்பத்தாறை முடித்தாள்.

தெருப் பிள்ளைகளுக்கு இந்தி டியூஷன் எடுத்தவள் அவள். முன்பு அவளிடம் படித்த ஹரிகிருஷ்ணன் சென்னைக்குப் போய் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் பொறுப்பாளனானான். ஒரு வருடம் முன்பு போன் செய்து, “மிஸ், ஒரு இந்தி சீரியல் இருக்கு, லவ் ஸ்டோரி. தமிழ்ல வசனம் எழுதித் தரீங்களா?” என்று கேட்டான். அப்படித்தான் ‘நீ வரும் வாசல்’ அவள் வீட்டுக்கு வந்தது. வாரத்துக்கு ஆறு எபிசோடு. ஆரம்பத்தில் காதல் வசனம் எழுதக் கூச்சமாக இருந்தது. ‘நீங்கள் இல்லாமல் நான் இல்லை’ என்று எழுதிவிட்டு, அறைக்கு வெளியே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பாள்.

அன்வருதீன் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. முரட்டு மனுஷன் இல்லை அவர். இருபத்து மூன்று வருடத்தில் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. கேஸ் சிலிண்டர், தண்ணீர் மோட்டார், நூரீனின் பஸ் பாஸ், இவைதான் இரண்டு பேருக்கும் பேச்சு. சீரியல் ஒளிபரப்பாவது மாலை ஆறரைக்கு. அவர் வீடு திரும்ப ஏழரை ஆகும். அதனால் ஒரு எபிசோடுகூட அவர் பார்த்திருக்க மாட்டார் என்றே அவள் நினைத்திருந்தாள்.

“மிஸ், நீங்க ரெஸ்ட் எடுங்க. வேற ஆள வெச்சிப் பாத்துக்கறேன்” என்றான் ஹரிகிருஷ்ணன்.

“வேணாம் ஹரி. அனுப்பு. வீட்டுலதான இருக்கப் போறேன்.”

உண்மைதான். புருஷன் மவுத்தானவள் இருக்க வேண்டிய இத்தா, நாலு மாதம் பத்து நாள். வாசலைத் தாண்டக் கூடாது. நாத்தனாருக்கு இது பிடிக்கவில்லை. “இத்தால இருக்கறவ காதல் வசனம் எழுதறதா? கேக்கறவங்க என்னா சொல்லுவாங்க?” என்றாள். “எழுதறேன்னு யாருக்கும் தெரியாது அண்ணி, நடிக்கிறவங்க பேருதான் வருது” என்றாள் நிஷா. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

முன்பைவிட வேகமாக எழுதினாள். கூச்சம் போய்விட்டிருந்தது. காதல், சண்டை, சத்தியம் எல்லாமே அவளுக்கு மூடித் திறக்கிற உதடுகளாக மட்டும் தெரிந்தன. வெள்ளைப் புடவையில், ஜன்னல் சாத்திய அறையில், ஒரு நாளைக்கு ஒன்றரை எபிசோடு எழுதி முடித்தாள். முந்நூற்று நாலில் ஆதேஷ் கார் விபத்தில் ஆற்றில் விழுந்து செத்துப்போனான். சுரபி மூன்று எபிசோடு அழுதாள். அழுகைக்கு வசனம் குறைவு. அந்த வாரம் வேலை சீக்கிரம் முடிந்தது.

நாற்பதாம் நாள் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தெய்வசிகாமணி வந்தார். அன்வருதீனோடு ஸ்டோரில் வேலை செய்தவர், சேதராப்பட்டுக்காரர். லாக்கரில் இருந்த சாமான்களை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். நூரீன் அவரை முன்னறையில் உட்கார வைத்தாள். நிஷா திரைக்கு இந்தப் பக்கம் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

“தங்கச்சி, ஒடனே கொண்டாந்துருக்கணும். மனசு வரல” என்றார் அவர். பையை நூரீனிடம் நீட்டினார். பிறகு, “பாய் இல்லாம இப்ப கேன்டீன்ல அந்த சீரியலு போடறதில்ல” என்றார்.

“எந்த சீரியலு?” நூரீன்தான் கேட்டாள்.

“அதாம்மா, அந்த ஆதேசு, சுரபி. முந்தின நாள் போட்டத மறுநாள் மத்தியானம் திருப்பிப் போடுவான்ல? பாய் ஒரு நாள் விட்டதில்ல. வேற யாராச்சும் கிரிக்கெட்டு மாத்துனா கோவம் வரும். ‘எங்க ஊட்டுல எழுதுறது’ம்பாரு. புதுசா வர்ற ஆளுங்ககிட்டயும் சொல்லுவாரு.” அவர் லேசாகச் சிரித்தார். “ஆனா ஒரு கொறை. ‘இந்தப் பொண்ணு எந்நேரமும் உசுரு உசுருங்குது. வேலைக்குப் போயிட்டு வந்தவன ஒரு தடவ சாப்டீங்களான்னு கேட்டுச்சா பாரு’ம்பாரு.”

நூரீன் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். திரைக்குப் பின்னால் நிஷா அதைக் கேட்டுக்கொண்டாள். தெரியாத ஊருக்குப் போன பஸ்ஸின் நேரத்தை யாரோ சொன்னது போலத்தான் இருந்தது. அவர் பார்த்திருக்கிறார். இருநூறு எபிசோடுக்கு மேல். சரி. “அங்கிளுக்கு டீ போடு நூரீன்” என்றாள்.

மூன்று வாரம் கழித்து முந்நூற்று நாற்பத்தொன்று வந்தது. ஆதேஷ் சாகவில்லை. தாடியும் மீசையுமாக வாசலில் வந்து நிற்கிறான். சுரபியின் கையிலிருந்த ஆரத்தித் தட்டு விழுகிறது. முகத்தை மூன்று முறை காட்டுகிறார்கள். அப்புறம் அவள் சொல்கிறாள்: ‘ஆப்… ஜிந்தா ஹைன்?’

‘நீங்க உயிரோட இருக்கீங்களா?’ என்று எழுதினாள் நிஷா. படத்தை ஓட்டிப் பார்த்தாள். உதட்டுக்கு நிற்கவில்லை. சுரபியின் வாய் ‘ஆ’ என்று அகலத் திறந்து, ‘ப்’பில் மூடி, ஒரு கணம் மூடியே நிற்கிறது. ‘ஐயோ’ போட்டாள். மூடவில்லை. ‘அப்பாடா’ போட்டாள், கேலியாக இருந்தது. அரை மணி நேரம் போனது. பிறகு, ‘சாப்… பிட்டீங்களா?’ என்று டைப் செய்து ஓட்டினாள். திறந்த வாய், மூடிய உதடு, இடைவெளி, திரும்பத் திறப்பது, எல்லாம் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இன்னும் ஒரு தடவை ஓட்டினாள். அடுத்த வசனத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் ஹரிகிருஷ்ணன் கூப்பிட்டான்.

“மிஸ், செத்தவன் திரும்பி வந்துருக்கான். சாப்பிட்டீங்களான்னு கேக்கறா?”

“லிப் சரியா நிக்குது பாரு.”

“நிக்குது. அதான் பிரச்சினையே. சுரபிக்குக் குரல் குடுக்கற பூர்ணிமா மைக் முன்னாடி போயி நின்னாங்க, சொன்னாங்க, அப்பறம் பத்து நிமிஷம் வெளிய போயி ஒக்காந்துட்டாங்க. ஆனா சேனல்ல ஒத்துக்க மாட்டாங்க மிஸ். காமெடி ஆயிடும்பாங்க.”

“மாத்தணும்னா மாத்திக்க.”

“உங்களுக்கு வருத்தம் இல்லியே?”

“இல்ல ஹரி.”

வருத்தம் இல்லைதான். போனை வைத்த பிறகுதான் அது கேன்டீனில் அவர் கேட்ட சொல் என்பதே அவளுக்கு உறைத்தது. எழுதும்போது நினைவில் இல்லை. உதடுதான் கேட்டது. அப்படித்தான் அவள் நினைத்தாள். அதற்கு மேல் அதைத் தோண்டவில்லை.

சேனலில் மாற்றினார்கள். ஒளிபரப்பான அன்று சுரபி, ‘நீங்களா… என் உயிரே!’ என்றாள். வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போனது. யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. நூரீன் மட்டும், “இதுவாம்மா நீ எழுதுன?” என்று கேட்டாள். நிஷா தான் எழுதியதைச் சொன்னாள். நூரீன் டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய் வெகுநேரம் அழுதாள். நிஷா கதவருகில் நின்றாள். உள்ளே போகலாமா என்று யோசித்தாள். போய், பக்கத்தில் படுத்துக்கொண்டாள். மகளின் முதுகு குலுங்குவது அவள் கையில் தெரிந்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

இத்தா முடிந்த மறுநாள் காலை அம்மாவும் மகளும் காலாப்பட்டு பஸ்ஸில் ஏறினார்கள். போவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, நூரீன்தான் கூப்பிட்டாள். ஜன்னல் பக்கம் நிஷா. நாலு மாதத்துக்குப் பிறகு பட்ட வெயிலில் கண் கூசியது.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டா? அத்தாவ நெனச்சி ஒரு தடவயாச்சும் அழுதியா?”

“இன்னும் இல்ல.”

“எப்ப வரும்?”

“தெரியல நூரீன். வந்தா சொல்றேன்.”

நூரீன் தலையாட்டினாள். கண்டக்டர் வந்தார். நிஷா இரண்டு டிக்கெட் வாங்கி ஒன்றை மகளிடம் கொடுத்தாள். போனில் ஹரிகிருஷ்ணன் அனுப்பிய புது சீரியலின் முதல் எபிசோடு வந்து விழுந்தது. அதைத் திறக்காமல், பஸ் மேட்டில் ஏறி இறங்குகிற வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.