பன்னிரண்டு தப்படி, பதினோரு கஜம்

கஜக்கோல் என்ற பெயர் அவருக்கு உயரத்தால் வந்ததல்ல, கால்களால் வந்தது. அவர் ஒரு தப்படி வைத்தால் சரியாக ஒரு கஜம். மேடோ பள்ளமோ, புல் நனைந்திருந்தாலும் காய்ந்திருந்தாலும், தோளில் பதினாலு மட்டைகள் அடைத்த பை கனத்தாலும், கஜம் கஜம்தான். ஒருமுறை தண்ணீர்க்குழாய் பதிக்க வந்தவர்கள் அளவு நாடாவை எடுத்துவர மறந்துவிட்டு, அவரை நடக்கவிட்டுப் பள்ளம் தோண்டினார்கள். குழாய் அச்சாகப் போய் உட்கார்ந்தது. அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டுக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது.

அந்த கோல்ஃப் மைதானத்தில் நடந்துதான் ஆட வேண்டும். சின்ன வண்டியில் ஏறிக்கொண்டு பந்துக்குப் பந்து ஓடுகிற வழக்கம் அங்கே இல்லை. முதுகு, இடுப்பு, இதயம் என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கி வருகிறவர்களுக்காக மட்டும் ஷெட்டில் இரண்டு வண்டிகள் நின்றன. மற்றவர்கள் ஆளுக்கொரு கேடியோடு நடப்பார்கள். கேடி என்பது பை தூக்குகிறவருக்கு அந்த ஆட்டத்தில் உள்ள பெயர். கல்யாணம் பேசின காலத்தில் இவர் தன் வேலையை அப்படியே சொல்லித் தொலைக்க, மாமனார் முகம் வெளுத்து, மகளை உள்ளே போகச் சொன்னாராம். அந்தக் கதையை மனைவி இன்னும் விடவில்லை. அப்பாவுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு பாருங்க என்பாள்.

கேடிக்கு நாலு வேலை. பை தூக்க வேண்டும், பந்தைக் கண்டுபிடிக்க வேண்டும், பந்து விழ வேண்டிய குழியில் நட்ட கொடிக்கு எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டும், மற்ற நேரம் வாயைத் திறக்கக் கூடாது. நாலாவதில்தான் பல பேர் தோற்றுப்போனார்கள். கஜக்கோல் அதில் பிறவிக் கெட்டிக்காரர்.

பத்தொன்பது வருஷமாக அவர் பை தூக்கியது ஒரே ஒருவருக்கு. பல் டாக்டரம்மா. இப்போது அறுபத்திரண்டு வயது. புதன், சனி காலைகளில் வருவார். பந்தின் அருகே போய் நிற்பார்கள். இவர் "நூத்திப் பத்து" என்பார். அம்மா "ஏழாம் நம்பர்" என்பார். மட்டையின் நம்பர் ஏற ஏற, பந்து போகும் தூரம் குறையும். அம்மாவின் கைக்கு நூற்றிருபது கஜம் என்றால் ஆறாம் நம்பர், நூற்றுப்பத்து என்றால் ஏழு, நூறு என்றால் எட்டு. இவர் எண், அவர் எண், பிறகு அடி. ஒரு காலை முழுக்க இருவருக்கும் இது போதும். ஒரு வீட்டில் நெடுநாள் இருக்கிற இரண்டு கடிகாரங்கள் போல.

போன வருஷம் பனி ஈரத்தில் குளத்துப் பாலத்தின் பலகையில் கஜக்கோல் வழுக்கி விழுந்தார். இடது முழங்காலில் அறுவை. மூன்றரை மாதம் வீட்டில் இருந்தார். அந்தச் சமயம் பார்த்து மைதானத்தையும் மூடிவிட்டு, கிரீன்களை எல்லாம் தோண்டி இடம் மாற்றினார்கள். கிரீன் என்பது குழியையும் கொடியையும் சுற்றிப் பாய் விரித்தாற்போல ஒட்ட வெட்டின புல்தரை. அது நகர்ந்தால் பழைய தூரம் எதுவும் செல்லாது. திரும்பி வந்தபோது, மரத்துக்கு மரம், மடைக்கு மடை அவர் மனதில் வைத்திருந்த எண்கள் அத்தனையும் ஒரே நாளில் வேலை இழந்திருந்தன. அவர் அதற்காகக் கலங்கவில்லை. மூன்று சாயங்காலம் பதினெட்டுக் குழிக்கும் நடந்து, எண்ணி, புது நோட்டில் எழுதிக்கொண்டார். கால் லேசாக இழுத்தது. இழுக்காமல் இருக்குமா என்று விட்டுவிட்டார்.

மைதானம் திறந்த முதல் புதன். இவர் நூற்றிருபது என்றார். அம்மா ஆறாம் நம்பரை எடுத்து அடித்தார். பந்து கொடிக்கு மேலே பறந்து, பத்துக் கஜம் தள்ளிப் போய் விழுந்தது. அடுத்த குழியிலும் அப்படியே. சனிக்கிழமையும் அப்படியே. அம்மா தன் முன்கையை வெயிலில் திருப்பிப் பார்த்தார். மைதானம் மூடியிருந்த மாதங்களில் தினமும் ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி செய்தாராம். அது வேலை செய்கிறது போல என்றார். அதிலிருந்து நூற்றிருபதுக்கு ஏழாம் நம்பரை எடுக்கத் தொடங்கினார். பந்து கொடியின் காலடியில் முட்டையிடப் போகிற கோழி மாதிரி வந்து உட்கார்ந்தது.

அறுபத்திரண்டு வயதில் கை நீளுகிறது என்றால் சும்மாவா. அம்மா பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். முக்கியமாக வங்கிக்காரரிடம் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், அம்மாவின் சிநேகிதர், ஜென்ம எதிரி. வருஷத்துக்கு ஒருமுறை இருவரும் தனிப் போட்டி ஆடுவார்கள். குறைந்த அடியில் முடித்தவருக்கு அந்தக் குழி, அதிகக் குழி பிடித்தவருக்கு ஜெயம். தோற்றவர் அடுத்த வருஷம் முழுக்க, ஜெயித்தவரின் பந்தைக் குழிக்குள்ளிருந்து குனிந்து எடுத்துத் தர வேண்டும். இரண்டு வருஷமாகக் குனிகிறவர் அம்மா. இந்த வருஷம் ரப்பர் பட்டை இருக்கிறது, நீங்கள் குனிந்து பழகிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தார். வங்கிக்காரரோ போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு, கடிதத்தோடு வண்டிக்கு விண்ணப்பித்தார்.

வண்டியை ஓட்டுகிறவன் கஜக்கோலின் மைத்துனன், மனைவியின் தம்பி. மற்ற நாளில் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டுவான், வாயையும் சேர்த்து. போட்டிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை காலை, வங்கிக்காரரைப் பயிற்சிக்கு ஏற்றிப் போய் வந்தவன், வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோகாமல் கஜக்கோலைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டான். கடைசிக் குழியில், குளத்துக்கு இந்தப் பக்கம், ஒற்றை மரத்தடியில் நிறுத்தினான்.

"மாமா, இங்கேருந்து கொடிக்கு உங்க நோட்டுல எவ்ளோ?"

நூற்றிருபது என்று நோட்டைத் திறக்காமலே சொன்னார். அவன் வண்டியின் முகப்பில், கொடிக்கு உள்ள தூரத்தைக் காட்டுகிற சின்னத் திரையைத் துடைத்துக் காட்டினான். நூற்றுப்பத்து.

மிஷின் புதிது, தண்ணீர் கிட்டே இருந்தால் தடுமாறும் என்றார் கஜக்கோல். அவன் இன்னும் மூன்று இடங்களுக்கு ஓட்டினான். எல்லா இடத்திலும் நோட்டு கூடவும் திரை குறைவாகவும் சொன்னது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறவள். அவள் கழுத்திலிருந்து அளவு நாடாவை உருவினார். அவர்கள் இருப்பது இரண்டாவது மாடி, வீட்டு வாசல்களை ஒட்டி நீண்ட நடைவழி. ஒரு சாக்பீஸ் கோட்டிலிருந்து பன்னிரண்டு தப்படி வைத்தார். பன்னிரண்டு கஜம் வர வேண்டும். அவள் முழங்காலிட்டு அளந்தாள். பதினொன்று. மறுபடி நடந்தார். பதினொன்று. நான்காவது முறை நடக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்து, புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று மூடிக்கொண்டார்.

"கால் நீளலைங்க. முட்டி முழுசா நிமிரலை," என்றாள் அவள். "உங்க இடது செருப்புல குதி தேயவே இல்லை. நுனிதான் தேயுது. ரெண்டு மாசமா பாக்கறேன்."

"சொல்லலையே."

"நடக்கறவருக்குத் தெரியாதா, நான் வேற சொல்லணுமான்னு இருந்தேன்."

அவர் படியில் உட்கார்ந்து யோசித்தார். அம்மாவின் கை நீளவில்லை. இவருடைய தப்படி குட்டையாகி, நூற்றுப்பத்தை நூற்றிருபது என்று சொல்ல வைத்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் சிக்கல் அதற்கு மேல் இருந்தது. நாளைக்குச் சத்தமில்லாமல் சரியான எண்ணைச் சொல்லிவிட முடியாது. நூற்றுப்பத்து என்றால் அம்மா நீண்டுவிட்ட கையை நம்பி எட்டாம் நம்பரை எடுப்பார். அது நூறு கஜம்தான் போகும். கடைசிக் குழியில் பந்து நேரே குளத்தில். சரியாகச் சொன்னால் மூழ்கும், தப்பாகச் சொன்னால் சேரும். இப்படி ஒரு நிலைமை எந்தக் கேடிக்கு வந்திருக்கும்.

பழைய பொய்யையே சொல்லிவிட்டுப் போகலாம். பக்கத்திலேயே வண்டி வரும், திரை எரியும். மைத்துனன் அதற்கும் வழி வைத்திருந்தான். திரைக்குப் போகிற ஒயரைக் கழற்றிவிட்டு, எலி கடித்துவிட்டது என்று சொல்கிறேன் என்று போனில் சொன்னான். எலி மேல் எதற்குப் பழி என்று இவர் வைத்துவிட்டார். திரை இல்லாவிட்டாலும் இவருக்குத் தெரியுமே. அம்மா கேட்டதும் எண்ணைச் சொல்வதற்கு வாய் திறக்குமா என்பதே சந்தேகம்.

சொன்னாலோ, அம்மா இரண்டு மாதமாக ஊரெல்லாம் காட்டிய கையைத் திருப்பி மடக்கிக்கொள்ள வேண்டும். இவருக்கோ, தப்படி போன பிறகு வெறும் தோள்தான் மிச்சம். அதைவிட வலுவான தோள்கள் கேடி அறையில் இருபது இருந்தன.

"போய்ச் சொல்லிட்டு வாங்க," என்றாள் மனைவி, நாடாவைச் சுருட்டியபடி. "உக்காந்தா முட்டி இன்னும் பிடிச்சுக்கும்."

சாயங்காலம் கிளினிக்குக்குப் போனார். ஐந்து நாற்காலி, ஒரு மீன்தொட்டி, மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்த பிளாஸ்டர் தாடை. உதவியாளர் பெண் எந்தப் பல் என்று கேட்டாள். பல் இல்லை, அம்மாவைப் பார்க்கணும் என்றார். இங்கே வருகிறவர்கள் பயத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவள் பெயரை எழுதிக்கொண்டாள். அவருடைய முறை வந்ததும் நாற்காலியில் சாய்த்து, கழுத்தில் காகிதத்துண்டைக் கட்டி, விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

டாக்டரம்மா முகமூடியோடு வந்தார். இவரைப் பார்த்ததும் கண்களில் ஆச்சரியம். வந்ததுதான் வந்தீங்க, வாயைத் திறங்க என்றார். இவர் திறந்தார். பத்தொன்பது வருஷம் இத்தனை பக்கத்தில் நடந்தும், கடைவாயில் இவ்வளவு பெரிய ஓட்டையைத் தன்னிடம் மறைத்துவிட்டதாக அம்மா குறைபட்டுக்கொண்டார். கருவியை வாயிலிருந்து எடுத்ததும் கஜக்கோல் மேற்கூரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். நடைவழி, நாடா, பன்னிரண்டு, பதினொன்று. அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. வேறு ஆளைப் போட்டுக்கொண்டாலும் வருத்தமில்லை, நாளைக்கே ஒரு நல்ல பையனை அனுப்புவதாகச் சொல்லி முடித்தார்.

முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"அப்ப என் கை?"

"அதே கைதாம்மா."

"ரப்பர் பட்டை?"

"பட்டை மேல தப்பு இல்லை."

அம்மா முகமூடியைக் கழற்றி ஸ்டூலில் உட்கார்ந்தார். வாய்க்குள் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா, இரண்டும் கலந்ததா தெரியவில்லை. வங்கிக்காரரிடம் நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து, கதவு வரைக்கும் நடந்து காட்டச் சொன்னார். கஜக்கோல் கழுத்தில் காகிதத்துண்டோடு நடந்தார், திரும்பி வந்தார். அம்மா பல்லைப் பார்ப்பது போலவே காலையும் உற்றுப் பார்த்தார்.

"எத்தனை தடவை அளந்தீங்க?"

"நாலு."

"நாலு தடவையும் பதினொண்ணா?"

"ஒரு விரல்கூட மாறலை."

"அப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்றார் அம்மா. "கஜத்துல சொல்லாதீங்க. உங்க தப்படியிலயே சொல்லுங்க. ரெண்டு மாசமா என் கை அதுக்குத்தான் பழகியிருக்கு. நூத்தி இருபது தப்படின்னா ஏழாம் நம்பர். கஜத்தை அந்த வண்டி வச்சுக்கட்டும்."

கஜக்கோலுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆனது. நோட்டில் ஒரு எண்ணைக்கூட அடிக்க வேண்டாம். கஜம் என்று எழுதிய இடத்தில் தப்படி என்று எழுதினால் போதும். அடுத்த வாரம் இந்தப் பல்லை அடைக்கணும், வராமல் இருந்தால் வீட்டுக்கு வருவேன் என்று சொல்லி அம்மா விளக்கை அணைத்தார்.

மறுநாள் காலை, முதல் அடிக்கு முன்னாலேயே டாக்டரம்மா வண்டியருகே போய், கை நீளவில்லை, கால்தான் சுருங்கியிருக்கிறது, அதுவும் என்னுடையது இல்லை என்று வங்கிக்காரரிடம் சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது காது மட்டும் சிவந்தது. வங்கிக்காரர் ஒன்பது குழி வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி ரசித்தார். ரசித்த வேகத்தில் மூன்று குழிகளைக் கோட்டைவிட்டார். பிறகு மும்முரமாகி இரண்டைப் பிடித்தார். கடைசிக் குழிக்கு வரும்போது டாக்டரம்மா ஒரு குழி முன்னால்.

ஒற்றை மரத்தடி. எதிரே குளம், அதற்கு அப்பால் கொடி. அம்மா திரும்பினார்.

"நூத்தி இருபது," என்றார் கஜக்கோல். குரல் தெளிவாகவே வந்தது.

"நூத்திப் பத்துன்னு காட்டுதே," என்றார் வங்கிக்காரர், திரையைத் தட்டி.

"உங்களுக்கு நூத்திப் பத்து. எங்களுக்கு நூத்தி இருபது. ஏழாம் நம்பர் குடுங்க."

மைத்துனன் வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எங்கோ பார்த்தான். பந்து குளத்தின் மேல் போய், தன் நிழலைத் தண்ணீரில் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு, அக்கரைப் புல்லில் இறங்கியது. கொடிக்கு இந்தப் பக்கம் நாலு தப்படி. வங்கிக்காரரின் பந்தும் நன்றாகவே போய் விழுந்தது. இருவரும் இன்னும் இரண்டு தட்டில் பந்தைக் குழிக்குள் விட்டார்கள், அந்தக் குழி சமம். ஒன்று முன்னால் இருந்தவர் ஒன்று முன்னாலேயே முடித்தார்.

இப்போது அம்மாவின் பந்தை வங்கிக்காரர் குனிந்து எடுக்க வேண்டும். அவர் குழியைப் பார்த்தார், பிறகு தன் முதுகைப் பிடித்தார். கடிதம் பொய்யில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கஜக்கோல் முன்னால் வந்தார். முழங்கால் பாதி வழியில் நின்றுவிட்டது. அவர்கள் இருவரையும் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தானே குனிந்து இரண்டு பந்துகளையும் எடுத்தார். ஜெயிச்சும் நான்தான் குனியணும்னு எழுதியிருக்கு போல என்றார்.

வண்டி போய்விட்டது. கஜக்கோல் பையைத் தோளில் மாட்டினார். தூரத்தில் கட்டடத்தின் படிக்கட்டு தெரிந்தது.

"அங்க வரைக்கும் எவ்ளோ?" என்றார் டாக்டரம்மா.

அவர் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தொண்ணூத்தாறு."

"யார் கணக்குல?"

"நம்ம கணக்குல," என்று சொல்லிவிட்டு, இடது காலை முதலில் எடுத்துவைத்தார்.