ஆறு லட்சமும் அறுநூறும்

சகலைக்கும் எனக்கும் பேச்சு நின்று மூன்று வருடம் ஆகிறது. காரணம் சின்னதல்ல. மைத்துனன் கல்யாணத்தில், நான் பந்தியில் உட்கார்ந்த நேரம் பார்த்து, என் ஆம்ப்ளிபயரின் குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்துவிட்டார். அவரும் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர், நானும் விடுகிறவன். ஒரு மைக்செட்காரன் இன்னொருவனின் குமிழைத் தொடுவது, அடுத்தவன் இலையிலிருந்து வடையை எடுப்பதற்குச் சமம்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு மண்டபங்கள் உண்டு. இரண்டுக்கும் ஒரே மேனேஜர். கிழக்கு மண்டபத்தில் என் செட், மேற்கு மண்டபத்தில் சகலையின் செட். இருவரும் ஒரே மாதத்தில் கம்பியில்லா மைக் வாங்கினோம். அன்றே மேனேஜர் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ரெண்டு பேர் மைக்கும் மோதிக்கக் கூடாதுபா. நம்பர் வேற வேறயா வெச்சிக்குங்க. ஏதாவது ஆச்சுன்னா தப்பு யாரு மேலயோ அவரு வெளிய. ரெண்டு மண்டபமும் மத்தவருக்கு."

எனக்கு அந்த மண்டபம்தான் பிழைப்பு. அது கைவிட்டுப் போவதுகூடப் பரவாயில்லை, அது அவர் கைக்குப் போவதை நினைத்தாலே சோறு இறங்காது.

நாங்கள் பேசாததால் எண்கள் எங்கள் மனைவிமார் வழியாகப் பயணம் செய்தன. அவர்கள் அக்கா தங்கை. என் மனைவி போனைக் காதில் வைத்தபடியே சொன்னாள்:

"மாமா மைக்குல ஆறு லட்சத்து அம்பத்தஞ்சாயிரத்து இருநூத்தி அம்பதுன்னு இருக்குதாம்."

என் மைக்கைப் பார்த்தேன். 655.250. வெறும் அறுநூற்றுச் சொச்சம்.

"எவ்ளோ தூரம் பாரு. உங்க மாமா அங்க மாகறல் ஊரைத் தாண்டி நிக்கிறாரு, நான் இங்க நம்ம தெருவுல கீறேன். எங்கேருந்து மோதும்?"

"ஏங்க, நடுவுல இருக்கிற புள்ளிய எடுத்துட்டா ரெண்டும் ஒரே நம்பரு மாதிரி இருக்குதே?"

"புள்ளிய எடுத்துட்டு நீ கோலம் போடுவியா?"

"அதில்லங்க, பின்னாடி இங்கிலீஷ் எழுத்து வேற. உங்களோடதுல MHz. மாமாவோடதுல kHzஆம்."

"எம்-னா மைக். கே-ன்னா அவரு வாங்கின கம்பெனி."

"அப்போ அந்த ஹெச்சு, இசட்டு?"

"அது சும்மா அழகுக்குப் போட்டிருக்கான்மா."

இதில் என்னை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது, என்னை வளர்த்த ஊரையும் சொல்ல வேண்டும். இங்கே எண்ணுக்குப் பின்னால் யாரும் எதையும் சொல்வதில்லை. 'இருபது இருபத்திரண்டு' என்றால் பட்டு இழையின் பருமன். 'இருநூற்று நாற்பது' என்றால் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டுப் பெட்டியின் கொக்கிகள். என்ன இருபது, எந்த இருநூறு என்று கேட்கிறவன் வெளியூர்க்காரன். நான் தறிவீட்டில் பிறந்தவன். எண்ணைப் பார்ப்பேன், வாலைப் பார்க்க மாட்டேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை என் மண்டபத்தில் நிச்சயதார்த்தம். எதிர் மண்டபத்தில் ஏதோ சங்கத்தின் பொதுக்குழு. புரோகிதர் லக்னப் பத்திரிகையை வாசித்து முடித்தார். கடைசியாக, "ரெண்டு வீட்டாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொள்ள மைக்கை அணைத்தார்.

என் இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே குரலில் முழங்கின:

"சம்மதம் இல்ல! நாங்க ஒத்துக்கவே மாட்டோம்! இத்தினி நாளா எங்கள ஏமாத்திக்கினு இருக்காங்க!"

பெண்ணின் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா, "யாருய்யா அது? தைரியம் இருந்தா முன்னால வாய்யா!" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். முன்னால் வர அங்கே யாரும் இல்லை. நான் பின்வாசல் வழியாக ஓடினேன்.

தெருவின் நடுவில் சகலை வந்துகொண்டிருந்தார், கையில் மைக்கோடு. அவருடைய பொதுக்குழுவில், தலைவரைப் பதவியிலிருந்து இறக்கவேண்டும் என்று கத்திக்கொண்டிருந்த இடத்தில், புரோகிதர் முகூர்த்த நேரம் சொல்லியிருக்கிறார்.

மூன்று வருடத்துக்குப் பிறகு எங்கள் முதல் பேச்சு இது. அவர்தான் ஆரம்பித்தார்.

"யோவ் சகல, இன்னா நம்பருய்யா வெச்சிருக்க நீ?"

"அறுநூத்தி அம்பத்தஞ்சு! நீதான் ஆறு லட்சத்துல இருக்கிறியே, அங்கேயே கெடக்கறதுதான?"

"என்னோடது கிலோவுலய்யா! கிலோன்னா ஆயிரம். உன்னோடது மெகா. மெகான்னா பத்து லட்சம். கணக்குப் போட்டா ரெண்டும் ஒண்ணுதான். பட்டு நூலை கிலோவுல வாங்குற வூட்ல பொறந்துட்டு, கிலோன்னா தெரியாதாய்யா உனக்கு?"

பதில் இல்லாதபோது நான் எப்போதும் பேச்சை மாற்றிவிடுவேன். இது என் குலத்தொழிலுக்கு அடுத்தபடியாக எனக்குத் தெரிந்த ஒரே கலை.

"குமிழ் திருடன் நீ எனக்குக் கணக்குச் சொல்றியா? உன்னயெல்லாம் உள்ள வுட்டானே அந்த மேனேஜரு, அந்தாளுக்குக் காது செவுடு! மூளையும் மூணாங்கிளாஸோட நின்னு போச்சு!"

சகலை கையிலிருந்த மைக்கைச் சற்றுத் தூக்கிக் காட்டினார். அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கத்து ஒலிபெருக்கிகளிலும் 'நின்னு போச்சு' என்பது இன்னும் அடங்கவில்லை. வாழ்நாளில் அவ்வளவு துல்லியமாக என் குரலை நான் கேட்டதில்லை.

நிச்சயதார்த்தம் நடந்துவிட்டது, அது அவர்கள் அதிர்ஷ்டம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"மூணாங்கிளாஸு படிச்சவன் ஒரு சான்ஸு தரேன். உன் மைக்குக்கு வேற நம்பரு வெச்சி, அத்த எழுத்தோட சேத்து சரியா எழுதி, கையெழுத்து போட்டுக் கொண்டா. தப்பா இருந்துச்சுன்னா செட்டைக் கழட்டிக்க."

அன்று நான் எழுதிய கடிதத்தைப் போல என் கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் கவனமாக எழுதவில்லை. மைக்கை 670க்கு மாற்றினேன். எண்ணை எழுதினேன், வாலையும் எழுதினேன். பெரிய எம் போட வந்த கையை நிறுத்தினேன். தப்புச் செய்தவன் பெரிய எழுத்துப் போட்டால் திமிராகத் தெரியும். ஆகவே பணிவாக, சின்னதாக, 670 mHz என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜர் அதைச் சரிபார்க்கக் கொடுத்த இடம் சகலையின் கை.

மறுநாள் மனைவி போனை வைத்துவிட்டு வந்தாள். முந்தானையை வாயில் வைத்து அடைத்திருந்தாள். அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன்.

"சின்ன எம் போட்டா மெகா இல்லையாம், மில்லியாம். ஆயிரத்துல ஒரு பங்காம். நீங்க எழுதிக் குடுத்தது, ஒன்றரை செகண்டுக்கு ஒருவாட்டி ஆடுற மைக்காம்."

"அப்புறம்?"

"மேனேஜரு ரெண்டு மண்டபத்தையும் மாமாவுக்கே குடுத்துட்டாராம்."

"உங்க மாமா இன்னா சொன்னாராம்?"

"வுடுங்களேன்."

"சொல்லு."

"'அவன் எழுதினது மைக்கு இல்ல, தறி. போயி தறியில குந்தச் சொல்லு'ன்னாராம்."

செட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றி வந்து வீட்டுக் கூடத்தில் அடுக்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்க எனக்கு மிச்சமிருந்த ஒரே வழி அதுதான். செல்போனில் ஸ்டாப்வாட்சை எடுத்தேன். தட், தட் என்று பத்து அடி எண்ணினேன்.

பதினைந்து வினாடி. அடிக்கு ஒன்றரை. நம்பாமல் மறுபடி எண்ணினேன். பதினைந்தேதான்.

குமிழைத் திருகியதைக்கூட ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். இதை மட்டும் மாட்டேன்.