கதையில் வந்த மாமன்

பிள்ளைகளே, அப்போது என் மகளுக்கு உங்கள் வயதுதான், ஒன்பதாம் வகுப்பு. கள்ளக்குறிச்சியிலிருந்து இரண்டு கல்லூரிப் பெண்கள் மலைமேல் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். எது சரி, எது தப்பு என்று இந்த வயதுப் பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று அளக்கப் போகிறார்களாம். பெற்றவர்கள் சம்மதம் வேண்டும் என்றதால் நானும் போய் வகுப்பு வாசலில் நின்றேன்.

ஒரு பெண் கதை சொன்னாள். ஒரு பையனின் மாமன் காட்டில் சாராயம் காய்ச்சுகிறான். பையன் வெளியே சொன்னால் மாமனுக்கு ஜெயில். சொல்லாவிட்டால் குடிக்கிறவர்கள் சாகலாம். பையன் என்ன செய்ய வேண்டும்? ஏன்?

அவளுக்கு அது கற்பனை. வகுப்பில் ஒரு பிள்ளையும் தலை நிமிரவில்லை. எங்கள் ஊர் ஓடைக்கு மேலே சாராயம் காய்ச்சுவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். என் பெண்டாட்டியின் அண்ணன். அவர் மகன் என் மகளுக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"தப்பான பதில்னு எதுவும் கெடையாது. பயப்படாம சொல்லுங்க."

என் மகள் எழுந்தாள்.

"சொல்லிடணும் மிஸ்."

"ஏன்?"

"செத்தவங்க வூட்டுப் புள்ளைங்களும் எங்க கூடத்தான படிக்கும். அதுங்க மூஞ்சிய எப்பிடிப் பாக்கறது?"

"அடேங்கப்பா, கலெக்டரம்மா! எந்த மாமன்னும் சொல்லிடேன்!" என்றான் பின்பெஞ்சுக்காரன். யாரும் சிரிக்கவில்லை.

இருட்டுமுன் மலை இறங்க வேண்டும் என்று அந்தப் பெண்கள் காரில் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் எங்கே இறங்கிப் போவது?

சாயங்காலம் மச்சான் வந்தார். எப்போதும்போல மகளுக்கு மிக்சர் பொட்டலம்.

"இன்னா மாப்ள, ஒம் பொண்ணு ஜோரா கத பேசுதாமே?"

"ஸ்கூல்ல கேட்டாங்க மச்சான், அவ்ளோதான்."

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. "கண்ணு, அந்தக் கதையில வர்ற மாமன் பேரு இன்னா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"கதையில பேரு இல்ல மாமா" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அவள் முடிக்கவில்லை. "நானா இருந்தா மொதல்ல மாமங்கிட்டதான் சொல்லுவேன். வுட்டுடு மாமான்னு. கேக்கலன்னாதான் வெளிய."

அவர் சிரிப்பு போய்விட்டது. பொட்டலத்தை அவள் கையில் வைத்து அழுத்தினார். "காலைல பாத்துப் போ கண்ணு. வழி நல்லால்ல."

காலையில் நானும் அவளோடு நடந்தேன். வளைவில் அவர் வண்டி நின்றது, ஆளைக் காணோம். ஓடைக்கு மேலே புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"வுடலியேப்பா" என்றாள்.

பள்ளிக்கூடம் இடது பக்கம். போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற கள்ளக்குறிச்சிக்குப் பஸ் நிற்கிற இடம் வலது பக்கம். அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு வலது பக்கம் திரும்பினேன். பின்னால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.