கடல்தண்ணி குடித்த பஞ்சாயத்து ரேடியோ

பஞ்சாயத்து ரேடியோ போடுறவன் பொழப்பு இருக்கே, பாட்டு நல்லாக் கேட்டா வானொலி நிலையத்துக்குப் பேரு, கரகரன்னா நமக்கு ஏச்சு. ரேடியோப் பெட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கிட்டு அலைஞ்ச சகோதரர்களுக்கு இதை நான் சொல்லவா வேணும்! ஐம்பதுகளில் ராமேஸ்வரம் தீவில் ஒரு மீனவர் குப்பத்து ரேடியோ என் பொறுப்பில் இருந்தது.

தாகம்

கரண்டு கிடையாது, பேட்டரி செட்டு. எர்த்துக் கம்பி புதைச்ச மண் ஈரமா இருந்தாத்தான் சத்தம் தெளிவா வரும். அங்கனயோ வெறும் மணல். ஊத்துக் கிணத்துலருந்து குடம் சுமந்து வாற பெண்களை மறிச்சு, ஆளுக்கு ஒரு செம்பு ஊத்திட்டுப் போங்கன்னு கேட்டேன். குடிதண்ணிக்காக அவங்க அம்புட்டுத் தூரம் நடக்குறது எனக்கு உறைக்கவே இல்லை. சவேரியம்மான்னு ஒரு அக்கா போய் ஒரு குடம் கடல்தண்ணி மொண்டு வந்து ஊத்தினாங்க. கரகரப்பு போன இடம் தெரியலை. இத்தனைக்கும் நான் பயிற்சி முடிச்சு வந்தவன்! குடத்தைக் கவிழ்த்துக்கிட்டே அக்கா சொன்னாங்க: "இம்புட்டுக் கடல் கெடக்கு. எங்க குடத்துலயா தம்பி கை வைக்கிற?"

கச்சேரி ரசிகர்

ஆரம்பத்தில் நிலையத்தில் கச்சேரிதான் கச்சேரி. அப்புறம் நாடகம், கிராம நிகழ்ச்சின்னு ஒவ்வொண்ணா நுழைஞ்சுச்சு. வலை போடுறவங்களுக்கு நெல்லுக்கு உரம் போடுற விவரம்! இளவட்டங்களுக்கோ சினிமாப் பாட்டு வேணும். முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடிச்சுக் குடுப்பேன். ஊரே குளிர்ந்து போகும், சவேரியம்மா வீட்டுக்காரர் அந்தோணி அண்ணனைத் தவிர. ரேடியோ இருந்த கொட்டகை ஓரத்தில் உக்காந்து கிழிஞ்ச வலையைச் சரிபண்ணுறவர், கச்சேரிதான் வேணும்னு மல்லுக்கு நின்னார். சங்கீதத்தில் அவ்வளவு ஞானமான்னு அசந்துபோய்க் கேட்டேன். "ஞானமாவது ஒண்ணாவது. கச்சேரின்னா கை நிதானமா ஓடுது. சினிமாப் பாட்டுக்குக் கண்ணி தப்புதுல்ல."

மணி

ஊருக்கு உயிரான சங்கதி, மீனவருக்கான வானிலைச் சேதி. சாயங்காலம் கிராம நிகழ்ச்சி முடிஞ்சதும் வரும். கேட்டுட்டுத்தான் வள்ளம் கடல்ல இறங்கும். திடீர்னு நிலையத்தார் சேதியை நிகழ்ச்சிக்கு முன்னாடி மாத்திட்டாங்க. முதல்நாளே ரேடியோவுல சொல்லியிருக்காங்க, நான் இலங்கைப் பாட்டில் கெடந்தேன். மறுநாள், பேட்டரியை மிச்சம் பிடிக்க, வழக்கம்போல நிகழ்ச்சி தொடங்குற நேரத்துக்கே பெட்டியைத் திறந்தேன். நிகழ்ச்சி முடிஞ்சுது, சேதி வரலை. சேதி இல்லைன்னா பயமில்லைன்னு நானே சொல்லி அனுப்பினேன். அந்தோணி அண்ணன் வள்ளமும் போயிருச்சு. கொஞ்ச நேரத்துல பாட்டை நடுவுல நிறுத்தி மறுபடி அறிவிப்பு: பலத்த காற்று வருது, யாரும் கடலுக்குப் போக வேண்டாம்.

கரைக்கு ஓடினேன். கரையில் நின்னு கத்தினா யாருக்குக் கேக்கும்? சவேரியம்மா மாதா கோயிலுக்கு ஓடி, மணிக் கயித்தைப் பிடிச்சு ஒத்தை ஒத்தையா அடிச்சாங்க. அது சாவு மணி. ஊரில் சாவுன்னா யாரும் தொழிலுக்குப் போக மாட்டாங்க. கடல்ல போன வள்ளங்களோட பாய்கள் ஒவ்வொண்ணாக் கரைக்குத் திரும்புச்சு.

யாரு செத்ததுன்னு பதறிக்கிட்டு அந்தோணி அண்ணன் கரையேறினார். நான் அழுதேவிட்டேன், தப்பு என்னுதுன்னு சொன்னேன். வள்ளங்களை மேட்டுக்கு இழுத்து முடிக்கிறதுக்குள்ள காத்து மணலை வாரி அடிச்சுது. சாவியை எடுத்து ஊர்த் தலைவர்ட்ட நீட்டினேன். சவேரியம்மா அதை வாங்கி என் கையிலேயே வச்சாங்க: "போ தம்பி, நாளைக்குச் சேதி எத்தனை மணிக்குன்னு கேட்டு வையி. எர்த்துக்கு நான் தண்ணி ஊத்துறேன்."

அந்த அக்கா புண்ணியத்துல, நிலையம் எத்தனை தடவை நேரத்தை மாத்தினாலும் அரை மணி முந்தியே பெட்டியைத் திறந்து, நிகழ்ச்சி தொடங்காத வெறும் இரைச்சலைக்கூட ஊருக்குப் போட்டுக் காட்டின ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்.