இலையில் இல்லாத காப்பி வாசம்

என் மனைவிக்குச் சுருட்டுத் தொழிற்சாலையில் கலவை வேலை. எந்தப் புகையிலையோடு எதைச் சேர்த்தால் என்ன ருசி வரும் என்று சொல்பவள். அங்கே அவளுக்கு ‘மூக்கு அக்கா’ என்று பெயர். கோபமும் அந்த மூக்கின் மேலேதான் உட்கார்ந்திருக்கும்.

நானோ காப்பிக்கொட்டை வறுத்து விற்பவன். எங்கள் குடித்தனம் எலியும் பூனையும்தான். பக்கத்தில் எது இருந்தாலும் புகையிலை அதன் வாசனையை இழுத்துக்கொள்ளுமாம். அதனால் கடையிலிருந்து வந்தால், குளித்து உடை மாற்றும்வரை நான் அவள் கிட்டே போகக் கூடாது. என் சட்டைக்கு ஓர் அறை, அவள் வேலைக் கோட்டுக்கு வேறு அறை. கல்யாணமான புதிதில் எனக்கு இதில் பெரிய வருத்தம்.

போன வருஷம் முதலாளி ஒரு புதுச் சுருட்டு கேட்டார். விலை உயர்ந்தது, ஆனால் காரம் நடுத்தரமாக இருக்க வேண்டும். தலை சுற்றவும் கூடாது, சப்பென்றும் இருக்கக் கூடாது. இவள் கலந்து கொடுத்த மாதிரியில் சொக்கிப்போனார். தொடக்கத்தில் மிளகு, நடுவில் அறுத்த மரத்தின் மணம், முடிவில் வறுத்த காப்பி.

“இதே மாதிரி இன்னொரு கட்டு போடுங்கம்மா. சரியா வந்துட்டா கலவை அறைக்கு இனிமே நீங்கதான் தலைவி” என்றார். அவள் எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்ட நாற்காலி அது.

இரண்டாவது கட்டில் மிளகு இருந்தது, மரம் இருந்தது. காப்பியைக் காணோம்.

அதே இலைகள், அதே எடை. பாவம், அவளுக்குச் சோறு இறங்கவில்லை. “ரெண்டு கொட்டையை உள்ள வெச்சு சுருட்டிடேன்” என்றேன். அன்று எனக்குச் சாப்பாடு கிடைத்ததே பெரிது.

ஞாயிற்றுக்கிழமை கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கட்டின சுருட்டு காய்ந்து வெடிக்காமலிருக்க வீட்டிலிருந்து கொண்டுபோகும் துணியை லேசாக நனைத்து, அதில் பொதிந்து வைப்பது அவள் வழக்கம். அந்தத் துணியும், வறுத்த கொட்டையை நான் மூடி வைக்கும் துணியும் ஒரே வெள்ளை, ஒரே அளவு. துவைத்தாகிவிட்டதே என்று இரண்டையும் ஒரே கொடியில் போடுபவள் அவள்தான்.

“என்னங்க, முதல் கட்டை உங்க துணியில பொதிஞ்சிருக்கேங்க!”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஊருக்கெல்லாம் மூக்கு, வீட்டில் கோட்டை விட்டிருக்கிறாள்.

“அப்ப சுலபம். அதே துணியைச் சுத்திக் குடுத்துடு. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே. துணி வாசனை பெட்டியில நாலு நாள் நிக்குமா? இலையில இருக்கறதுதான் நிக்கும்.”

மேலே சுற்றும் இலையை மாற்றினாள். நெடுநாள் புழுங்கிக் கறுத்த இலை. அதற்கே ஒரு வறுபட்ட மணம் உண்டு. காரம் ஏறிவிடாமல் உள்ளே காரமான உச்சி இலையைக் குறைத்து, காரம் குறைந்த அடி இலையைக் கூட்டினாள். புதுக் கட்டோடு போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

“ஐயா, நீங்க ரசிச்சது எங்க வீட்டுக்காரரோட காப்பித் துணி வாசனை. இது வேற கலவை. பிடிக்கலைன்னா சொல்லிடுங்க.”

எவ்வளவு நல்ல சுருட்டானாலும் முதலாளி மூன்று இழுப்போடு தட்டில் வைத்துவிடுவார். அன்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் பற்றவைத்தாராம். மூன்று இழுப்பு முடிந்தது. கை தட்டுவரை போனது, திரும்பி வாய்க்கே வந்தது. விரல் சுடும்வரை இழுத்தார்.

“காப்பி கம்மிதான். ஆனா கீழ வைக்க மனசு வரலையேம்மா. கலவை அறை இனிமே உங்களோடதுதான்.”

இதைச் சொல்ல என் கடைக்கே ஓடிவந்தாள். நான் வறுத்துக்கொண்டிருந்தேன். பழக்கத்தில் பின்னால் நகர்ந்தேன்.

“கிட்ட வராதே, நான் இன்னும் குளிக்கல.”

கடைக்கு வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, காப்பித்தூள் அப்பிய சட்டையோடு நின்ற என்னைக் கட்டிக்கொண்டாள். “இருக்கட்டும் போங்க. இன்னிக்கு மூக்குக்கு லீவு.”

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்பில் கொட்டை கருகிக்கொண்டிருந்தது. அந்த வாசனை முதலில் தெரிந்தது எனக்குத்தான்.